சாவி ஆண்பால்

சாவி என்கிற சொல்லை ஜெர்மன் மொழியில் நான்கு வேற்றுமையிலும் ஒருமை பன்மை பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள், ஜெர்மனிக்கு வெளியே, உலகத்திலேயே அதிகமாக இருந்த ஊர் உத்தமபாளையம்தான். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். லண்டனில் இருந்த பெரிய பண்டிதர்களுக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் லண்டனில் சவரம் செய்கிறவருக்கும் வெற்றிலை விற்கிற அம்மாளுக்கும் தெரிந்திருக்குமா? எங்கள் கடைத்தெருவில் தெரிந்திருந்தது. அந்த ஒன்றைத் தவிர இன்னொரு ஜெர்மன் வார்த்தை ஒருத்தருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். தெரிந்த ஒன்று தண்ணீர் பட்ட பாடு.

இதற்கெல்லாம் காரணம் ஒரே மனுஷன். டைம்பீஸ் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் காகிதத்தில் பார்த்தேன். அதுவும் 'எதிரி' என்று போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது. கச்சேரித் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் என்று அர்த்தம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சப் மாஜிஸ்திரேட் கச்சேரியில் நகல் எடுக்கிற குமாஸ்தா வேலை. யார் எந்த ஊரில் யாரை வெட்டினாலும் அதை நான்கு பிரதி எழுதித் தருவது என் பொறுப்பு.

கச்சேரிக்கு எதிர்ச் சந்தில்தான் டைம்பீஸ் கடை. கடை என்றால், அவர் உட்கார்ந்துவிட்டால் வந்தவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. மூன்று பக்கச் சுவரிலும் கடிகாரம். ஒன்று ஒன்பது காட்டும், ஒன்று நாலரை காட்டும், ஒன்று நடு ராத்திரி அடித்துக்கொண்டிருக்கும். "அண்ணே, மணி என்ன?" என்று யாராவது கேட்டால், கண்ணில் மாட்டியிருக்கிற லென்ஸைக் கழற்றாமலே, "எந்தக் கடிகாரத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு இதற்கு என்ன பதில் சொல்ல வரும்?

ஜெர்மன் கடிகாரம் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். மலிவாக ஜப்பான் டைம்பீஸ்கள் வரத் தொடங்கியிருந்த காலம். ஒருத்தர் சின்னமனூரிலிருந்து அப்படி ஒன்றைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். டைம்பீஸ் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காதில் வைத்துக் கேட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனி கையில ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கொண்டு போயி, இருக்கிற வரைக்கும் நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அந்த மனிதர் உண்மையாகவே கண் கலங்கிப் போனார்.

ஒரு தடவை ஸ்பிரிங் வாங்க மதுரைக்குப் போன இடத்தில், சாமான்களைச் சுற்றிக் கொடுத்த காகிதக் கட்டோடு பாதிப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்கிற இலக்கணப் புத்தகம். முன் அட்டை இருந்தது. பின் அட்டை இல்லை. பின் அட்டையோடு சேர்ந்து இருநூறு பக்கமும் இல்லை. மிச்சம் இருந்தது முதல் பாடம் மட்டும். அந்தப் பாடத்தில் மூன்று பெயர்ச்சொல்: சாவி, கதவு, பூட்டு. சாவிக்கு மட்டும் வேற்றுமைகள் முழுசாகப் போட்டு, கதவையும் பூட்டையும் அடுத்த பக்கத்தில் காண்க என்று போட்டிருந்தது. அடுத்த பக்கம் மதுரையில் யாருக்கு வறுகடலை கட்டிப் போனதோ தெரியாது.

டைம்பீஸுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "மொத வார்த்தையே சாவி பாருங்க. கடிகாரக்காரனுக்குன்னே எழுதியிருக்கான்" என்றார். நாலாம் பாரம் வரை படித்தவர். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, மெதுவாக வாசிப்பார். வாசித்ததில் அவருக்கு ஜெர்மன்காரர்கள் மேல் பெரிய பரிதாபம் வந்துவிட்டது. "நமக்கு எட்டு வேத்துமை. பாவம், அவுகளுக்கு நாலே நாலுதான். அந்த நாலை வச்சுக்கிட்டு எம்புட்டுப் பெரிய கடிகாரமெல்லாம் செஞ்சிருக்காக பாருங்க."

பாடம் இதுதான். டேர் ஷ்லூஸல், டெஸ் ஷ்லூஸல்ஸ், டேம் ஷ்லூஸல், டேன் ஷ்லூஸல். அதாவது சாவி, சாவியினுடைய, சாவிக்கு, சாவியை. ஒருமை முடிந்தது. பன்மை: டீ ஷ்லூஸல், டேர் ஷ்லூஸல், டேன் ஷ்லூஸல்ன், டீ ஷ்லூஸல். மொத்தம் எட்டு. கவனித்தால் சாவி பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது, முன்னால் வருகிற டேரும் டெஸ்ஸும்தான் ஆளுக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கின்றன என்பது தெரியும். இரண்டாவதில் வாலில் ஒரு 'ஸ்' முளைக்கும். ஏழாவதில் ஒரு 'ன்' முளைக்கும். அந்த 'ன்'னை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பின்னால் எங்களைப் படாதபாடு படுத்தியது.

எட்டுச் சொல்லைப் படிக்க ஒரு வாரம் போதும். டைம்பீஸ் வருஷக்கணக்காகப் படித்தார். ஏனென்றால் பாடம் என்றால் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்க வேண்டும் என்றால் எதிரில் ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒப்பிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். முடிந்ததும் புத்தகம் பிடித்தவர் 'சரி' என்று சொல்ல வேண்டும். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் வழக்கம். அந்தச் 'சரி' காதில் விழாமல் காலைப் பலகாரம் தொண்டையில் இறங்காது அவருக்கு.

"அண்ணே, எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று வெற்றிலைக் கடை அம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

"படிக்க நான் இருக்கேன் ஆத்தா. நீ பிடி" என்றார்.

பிடித்தாள். எட்டும் சொல்லி முடித்தார். அவள் தலைகீழாகப் பிடித்திருந்த புத்தகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அதற்குப் பிறகு கடைத்தெருவில் ஒருத்தரும் தப்பவில்லை. கடிகாரம் கொண்டுவந்தவர் முதலில் புத்தகம் பிடித்தாக வேண்டும். ஜவுளிக்கடை ராவுத்தர் தினம் கடை திறந்ததும் பிடிப்பார். பிடித்த நாளில் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று ஒரு நம்பிக்கை அவருக்கே வந்துவிட்டது. சவரக்கடையில் நடந்ததுதான் பெரிய வித்தை. நாவிதர் இடது கையில் புத்தகம், வலது கையில் கத்தி. டைம்பீஸ் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஒப்பிப்பார். ஷ்லூ என்று உதட்டைக் குவிக்கிற போதெல்லாம் கத்தியை எடுத்துவிட வேண்டும், ஸல் என்று வாய் அகலும்போது வைக்கலாம். அந்த நாவிதருக்கு ஜெர்மன் உச்சரிப்பு அத்துபடியானது இப்படித்தான். எட்டுச் சொல்லுக்குள் ஒரு கன்னம் முடிந்துவிடும்.

வீட்டில்தான் தகராறு வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, சாவி ஆண்பால், கதவு பெண்பால், பூட்டு இரண்டும் இல்லை என்று மனைவிக்கு விளக்கியிருக்கிறார். அந்த அக்கா பரிமாறுவதை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, சாவி ஆம்பளையா?"

"ஆமா. டேர். ஆண்பால்."

"இத்தனை வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "கண்ட ஆம்பளைய இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியிறதுக்கு எங்க வீட்டுல என்னைய வளக்கல. நீங்களே வச்சுக்கங்க."

அன்று முதல் சாவிக்கொத்து டைம்பீஸ் அரைஞாணில் தொங்கியது. அவர் நடந்து வந்தால் கோயில் மாடு வருகிறதென்று குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். அரிசிப் பானை அறையைத் திறக்க வேண்டுமென்றால் அக்கா கடைத்தெரு வரை நடந்து வரவேண்டும். புளிக்கு ஒரு நடை, பருப்புக்கு ஒரு நடை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் கடை வாசலில் வந்து நின்று, எல்லார் முன்னாலும் கேட்டார்.

"அந்தப் பாசையில ஒத்தைச் சாவின்னா டேரு. நெறையச் சாவின்னா என்னன்னு சொன்னீக?"

"டீ."

"கதவு பொம்பளைன்னீகளே, அதுக்கு?"

"அதுக்கும் டீதான்."

"அப்ப ஒத்தையா இருந்தாத்தான ஆம்பளை. கொத்தாக் குடுங்க" என்று கை நீட்டினார். டைம்பீஸ் கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். அது இலக்கணப்படி சரியா என்று கேட்டு எனக்கு யாரும் எழுத வேண்டாம். குடும்பம் பிழைத்தது.

நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலையில் வேறு ஆள் கிடைக்காமல் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். நானோ இங்கிலீஷ் எழுத்துப் படித்தவன். பிடி என்றால் சும்மா பிடித்துக்கொண்டு நிற்காமல், விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டுக் கண்ணை மூடியபடி நின்றார்.

"தப்பு, அண்ணே" என்றேன்.

நாவிதர் கடையில் கத்தி நின்றது. வெற்றிலைக் கடை அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். நாலு வருஷமாக அந்தத் தெருவில் யாரும் கேட்டிராத வார்த்தை.

"தப்பா?" என்றார் டைம்பீஸ்.

"ஏழாவதுல, கடைசியில ஒரு ன் இருக்கு. நீங்க சொல்லலை."

புத்தகத்தை வாங்கி, கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, வாட்ச்சுக்குள் தூசி தேடுகிற மாதிரி அந்த இடத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இருக்கு" என்றார். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் கடை திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் கடை கடையாக ஏறி இறங்கினார். "இதுவரைக்கும் நான் ஒங்ககிட்ட ஒப்பிச்சதுல ஒரு ன் கொறைஞ்சு போச்சு. ஏழாவதுல. மன்னிச்சுக்கங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, சரியானதை மறுபடி ஒப்பித்து, மறுபடி 'சரி' வாங்கிக்கொண்டு போனார். தெருவே அந்த 'ன்'னைப் பாடம் பண்ணியது. என்னிடம் மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு புத்தகத்தை என் கையில் கொடுக்கவும் இல்லை. பேசுவார், சிரிப்பார், என் கைக்கடிகாரத்துக்கு எண்ணெய் போடுவார். புத்தகம் மட்டும் கிடையாது. ஒரு வார்த்தையால் மனுஷனைப் பகைத்துக்கொண்டோமே என்று எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போது யுத்தம் வந்தது. யுத்தம் வந்த மறுவருஷம் வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எந்த இலாகா என்று சொல்லமாட்டேன், அவர் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களாக இருக்கலாம். உத்தமபாளையம் கடைத்தெருவில் பட்டப்பகலில் ஒருவன் ஜெர்மன் பேசுகிறான் என்று அவர் காதில் விழுந்துவிட்டது. அவனை மறைவாகக் கண்காணிக்க உள்ளூர்க் கான்ஸ்டபிள் ஒருவரைப் போட்டார். அவர் நம்பர் நாற்பத்தேழு. ஊரில் அவருக்குப் பெயரும் அதுதான்.

நாப்பத்தேழு தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, தோளில் துண்டோடு மாறுவேஷத்தில் கடைத்தெருவில் வந்து நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாரும், "என்ன நாப்பத்தேழு, இன்னைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனாலும் அவர் கடமை தவறாதவர். நாள்தோறும் அறிக்கை எழுதினார். 'இன்று காலை எதிரி ஜெர்மன் புத்தகத்தை நாவிதர் கையில் கொடுத்து இரகசியச் சேதியை எட்டுத் தடவையாகச் சொன்னார். நாவிதர் சரி என்று ஒப்புக்கொண்டார்.' மறுநாள் ராவுத்தர் ஒப்புக்கொண்டார். அதற்கு மறுநாள் வெற்றிலைக் கடை அம்மாள் ஒப்புக்கொண்டாள். பதினோராம் நாள் டைம்பீஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. எதிரே வேலையில்லாமல் நின்றவரைக் கூப்பிட்டு, "நாப்பத்தேழு, சும்மாதான நிக்கிறீக, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். அன்றைய அறிக்கையில் நாப்பத்தேழு தன் நம்பரைத் தானே எழுதி, 'நானும் சரி என்று ஒப்புக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

நாற்பத்தொரு நாளில் இருபத்து மூன்று பேர் சிக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அதிகாரி எங்கேயோ ஒரு பாதிரியாருக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: சாவி, சாவியினுடைய, சாவிக்கு, சாவியை. அதிகாரிக்குத் தூக்கம் போய்விட்டது. கம்பம் பள்ளத்தாக்கில், யுத்த காலத்தில், ஒருவன் சாவி சாவி என்று இருபத்து மூன்று பேரிடம் ஜெர்மனில் சொல்கிறான் என்றால் அது எந்தச் சாவி? யோசித்துக் கண்டுபிடித்துவிட்டார். மலைக்கு மேலே பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்து விடுகிற மதகின் சாவி. அதைக் கைப்பற்றி, மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்குத் தண்ணீர் இறங்காமல் அடைத்து, எங்கள் இருபோக நெல்லைக் காய வைப்பது ஜெர்மன் சர்க்காரின் திட்டம். இவ்வளவையும் பத்துப் பக்கத்தில் எழுதி அனுப்பினார். நான்தான் நகல் எடுத்தேன். பழைய சங்கதியெல்லாம் விசாரித்துச் சேர்த்திருந்த பட்டியலில் பதினேழாவது வரி என் பெயர். அந்த வரியை விட்டுவிட்டு எழுதலாமா என்று பேனாவைக் கடித்தபடி யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு நான்கு பிரதியிலும் என்னை நானே ஒற்றனாக எழுதினேன்.

டைம்பீஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விலங்கு மாட்டியபோது கையை ஒழுங்காக நீட்டினாராம். புத்தகத்தைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தபோதுதான், "ஐயா, அதை எடுத்துட்டுப் போனா யாரு பிடிப்பாக?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. எதிரி நாட்டுக்கு வேலை பார்த்தவன் என்று முடிவாகிவிட்டால், எந்த ஊர் ஜெயிலுக்குக் கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்கக்கூட வழியில்லாத காலம். இரண்டு நாளாக லாக்கப்பில் அவர் சாப்பிடவில்லை. அக்கா சோற்றுத் தூக்கோடு கச்சேரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து.

"தம்பி, அவுகளத் தூரமாக் கொண்டு போயிருவாகளா?"

"தெரியலையே அக்கா."

"அந்த ஒத்தை வார்த்தையத் தவிர அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க உள்ள சொல்லப்படாதா? கடிகாரத்துக்கெல்லாம் ரெண்டு நாளாச் சாவி குடுக்கல. எல்லாம் ஒண்ணு ஒண்ணா நிக்கிது."

உள்ளே போய் நான் எப்படிச் சொல்வது? நானே பதினேழாம் ஆள்.

விசாரணை அன்று கச்சேரி ஜன்னல்களில் காற்று வர இடமில்லை. பட்டியலில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் ஒல்லியான மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதிகாரி மதகுக் கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். நாப்பத்தேழு சாட்சிக் கூண்டில் நின்று நாற்பத்தொரு அறிக்கைக்கும் ஆமாம் சொன்னார். மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டைம்பீஸ் பக்கம் திரும்பினார்.

"இது என்ன?"

"பாடமுங்க, எசமான்."

"பாடம்னா ஒப்பி, பார்க்கலாம்."

டைம்பீஸ் கையைக் கட்டினார். கண்ணை மூடினார். வாயைத் திறக்கவில்லை.

"ஏன் நிக்கிறே?"

"புத்தகத்த யாராச்சும் பிடிக்கணுங்க."

பார்த்தீர்களா, இன்னும் ஆள் சேர்க்கிறான் என்றார் அதிகாரி. மாஜிஸ்திரேட் முத்திரையை உடைக்கச் சொன்னார். புத்தகத்தை எடுத்துப் பிரித்தவன் நான். டைம்பீஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது என்னைச் சுட்டது. மாஜிஸ்திரேட் கை நீட்டி, "இங்கே கொடு. நானே பார்க்கிறேன். எழுத்து எழுத்தாப் பார்ப்பேன்" என்றார்.

விலங்குக்குப் பயப்படாத மனிதர் அப்போதுதான் பயந்தார். ஆறு வருஷத்தில், என்னைத் தவிர, இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் புத்தகம் இருப்பது அதுதான் முதல் தடவை.

டேர் ஷ்லூஸல் என்று தொடங்கினார். ஒருமை நான்கும் பழுதில்லாமல் போனது. பன்மையில் ஐந்தும் ஆறும் போனது. ஏழாவது. "டேன் ஷ்லூஸல்..." என்றார். நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் கச்சேரியில் குமாஸ்தா வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. கோழை மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கடைசி இரகசியத்தை மறைக்கிறான்" என்று அதிகாரி எழுந்தார்.

அப்போது சாட்சிக் கூண்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ன்."

எல்லாரும் திரும்பினோம். நாப்பத்தேழு விறைப்பாக நிற்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாய் மட்டும் அசைந்தது. "ன்" என்றார் மறுபடி. ஜன்னலுக்கு வெளியே நாவிதர், "ன்" என்றார். அவருக்குப் பின்னால் ராவுத்தர். வெற்றிலைக் கடை அம்மாள், "அண்ணே, ன்னு சொல்லுங்கண்ணே" என்று கத்தினாள். வாசலில் அக்கா குரலும் கேட்டது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார்.

"டேன் ஷ்லூஸல்ன். டீ ஷ்லூஸல்" என்று டைம்பீஸ் முடித்தார். கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

"இப்போது என்ன?" என்று மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். அவர் காதருகே குனிந்து, "சரின்னு சொல்லணும், சார்" என்றேன். அந்தக் கச்சேரியில் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான்.

மாஜிஸ்திரேட் உடனே சொல்லவில்லை. விரலை வைத்து எட்டு வரியையும் மறுபடி பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, "சரி" என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜன்னல்கள் காலி. 'எசமான் சரின்னுட்டாக' என்கிற சேதி பஸ் நிற்கிற இடம் வரை போய்விட்டது. தீர்ப்பு நாலே வரி. இது இரகசியம் அல்ல, பாடம் என்றும், இருபத்து மூன்று பேர் மனப்பாடமாகச் சொல்கிற எதுவும் இரகசியம் ஆகாது என்றும், எதிரி ஒப்பித்தது சரி என்றும் எழுதியிருந்தார். நான்கு பிரதி எழுதினேன். ஐந்தாவதாக எனக்கு ஒன்று எழுதிக்கொண்டேன்.

அதிகாரி வெளியே நாப்பத்தேழை மடக்கினார். "நீ யார் பக்கம் சாட்சி சொல்ல வந்தே?"

"ஒங்க பக்கந்தான் சார். ஆனா நாப்பத்தோரு நாளாக் கேட்டேன். மலைக்கு மாலை போட்ட மாதிரி ஆயிப்போச்சு. வாய் தானா வந்துருச்சு" என்றார் நாப்பத்தேழு. மறுநாள் காலை தலைப்பாகையோடு, முழு உடுப்பில் வந்து புத்தகம் பிடித்தார்.

எனக்கு மட்டும் புத்தகம் வரவே இல்லை. பெரியகுளத்துக்கு மாற்றலாகிப் போனேன். கல்யாணம் ஆனது. சுதந்திரம் வந்த வருஷம், டைம்பீஸ் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பாதி உடம்பாகியிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி. புத்தகம் தலமாட்டுல இருக்கு. எடுத்துப் பிடிங்க" என்றார்.

பல வருஷத்து உறுத்தல் அந்த ஒரு சொல்லில் கரைந்தது. எடுத்துப் பிடித்தேன். படுத்தபடியே நெஞ்சின் மேல் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஏழாவதில் 'ன்' இல்லை. அந்த முகத்தைப் பார்த்தேன். "சரி" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "தம்பி, வேணும்னுதான் விட்டேன்."

எனக்குத் தலை குனிந்துவிட்டது.

"சரிங்குறதுக்கு எனக்கு ஊரே இருக்கு. தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதான் ஒங்ககிட்டக் குடுக்கப் பயந்துக்கிட்டே இருந்தேன். நல்லாப் பாடம் பண்ணிட்டு, கடைசியா ஒங்ககிட்ட ஒப்பிக்கணும்னு வச்சிருந்தேன். நீங்களும் இப்பிடிப் பண்ணிட்டீகளே."

"தப்பு, அண்ணே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுங்க" என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஒப்பித்தார். எட்டும் வந்தது. 'ன்'னும் வந்தது.

அவர் காலமான பிறகு அக்கா அந்தப் பாதிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். தினம் காலையில் என் வீட்டு ஜெர்மன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எட்டையும் சொல்வேன். முடித்துவிட்டு நிற்பேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "சரி" என்பாள். சில நாள் ஏழாவதில் 'ன்'னை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அப்போதும் "சரி" என்றுதான் வரும். சரி சொல்ல எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. தப்பு என்று சொன்னால் முகம் மலர்கிற அந்த மனுஷன்தான் இல்லை.